பழைய கணிப்பொறியும் பதினைந்து வயதும்



தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. மாட்டுக்கு அது பொருந்தலாம். தானமாக வந்த கணிப்பொறிக்குப் பொருந்தாது என்பதைச் சென்ற ஆண்டு பட்டறிந்தேன்.

நான் திருச்சியிலிருந்து இயற்பியல் முதுகலை பயிலத் தில்லிக்கு வந்தவன். இங்குள்ள தமிழர் குடியிருப்பு ஒன்றில் சனிக்கிழமை மாலைதோறும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெற்றோர் பெரும்பாலும் விழுப்புரம், சேலம் பக்கத்தவர். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்பவர்கள். அந்தப் படிப்பறைக்கு ஓர் அலுவலகம் தன் பழைய கணிப்பொறிகள் எட்டினை வழங்கியது. விளையாட்டைக் காட்டி அழைத்தால் வருவார்கள், வந்தால் கணக்கும் படிப்பார்கள் என்று எண்ணினோம். பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையுள்ளோர் பதினெட்டுப் பேர் முதல் நாள் வந்தனர். மூன்றாம் வாரம் வந்தவர் ஐவர். குற்றம் அவர்களுடையதன்று, விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்த என்னுடையது.

முதலில் நான் நிறுவியது ஜிகாம்ப்ரி. மிக நல்ல தொகுப்புதான். ஆனால் இரண்டு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்காக ஆக்கப்பெற்றது. பிரெஞ்சு மொழியில் அப்பெயரின் ஒலிக்குப் ‘புரிந்துகொண்டேன்’ என்று பொருளாம். எனக்குத்தான் புரியவில்லை. “அண்ணா, இது என் தம்பிக்கு” என்று சொல்லிவிட்டு ஒருவன் எழுந்து போனான். பதினைந்து வயதுக்குரிய தன்மானத்தை நான் கணக்கில் கொள்ளவில்லை.

அடுத்த வாரம் எதிர்க்கோடிக்குத் தாவினேன். சூப்பர்டக்ஸ்கார்ட் என்னும் பந்தய விளையாட்டை ஏற்றினேன். 2015இல் வெளிவந்த 0.9 பதிப்பு முதல் அதன் வரைகலைப் பொறி புதியது, கண்ணுக்கு விருந்து. எங்கள் எந்திரங்களிலோ வண்டிகள் நத்தையாய் ஊர்ந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவும் இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் திரைகள் 1280க்கு 1024 புள்ளிகள் கொண்டவை. அதாவது ஒரு படத்திற்குப் பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். அசைவு தடையின்றித் தோன்ற நொடிக்கு 30 படங்களாவது வேண்டுமென்று கொண்டால், நொடியொன்றுக்கு ஏறத்தாழ நான்கு கோடிப் புள்ளிகளைத் தீட்டவேண்டும். முப்பரிமாணக் காட்சியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியும் நிழலும் தனித்தனியே கணிக்கப்பெறுகின்றன. அதற்கென அமைந்த வரைகலைச் சில்லு வலுவற்றதாயின், நினைவகத்தைக் கூட்டியும் பயன் பெரிதாக இராது. பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். 640க்கு 480 புள்ளிகளில் இயங்கும் ஃப்ரோசன் பபுள், அத்திரையின் கால்பங்குக்கும் குறைவான புள்ளிகளைக் கொண்டது; முப்பரிமாணத் தொல்லையும் இல்லை. ஒரே எந்திரத்தில் இருவர் எதிரெதிராக ஆடலாம். எங்கள் அறையில் நன்றாக ஓடிய முதல் விளையாட்டு அதுவே.

இதைவிட எளிய வழியொன்று உண்டு. அதை நான் தாமதமாகவே கண்டேன். முறை வைத்து ஆடும் விளையாட்டில் எந்திரத்தின் மந்தம் பெரிதாகத் தெரிவதில்லை. ஆடுபவர் சிந்திக்கும்போது எந்திரமும் இளைப்பாறுகிறது. வெஸ்நாத் போர் அவ்வகையது. திறக்கச் சற்று நேரம் ஆகும். திறந்தபின் இடர் இல்லை. ஒரே எந்திரத்தின் முன் பலர் அமர்ந்து மாறி மாறி ஆடவும் அதில் வசதி உண்டு. எட்டுப் பொறிகளுக்குப் பதினெட்டுப் பேர் என்ற எங்கள் துன்பம் இதனால் பாதி தீர்ந்தது. முன்பெல்லாம் வலியவன் கையில் சுட்டி போய்ச் சேரும். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்ப்பார்கள். இப்போது முறை என்று ஒன்று இருப்பதால், “என் முறை” என்று கேட்டு வாங்குகிறார்கள்.

ஃப்ரீசிவ் என்பதும் ஓர் நல்ல தேர்வு. 1995–96இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் தொடங்கியது அது. (நம் விடுதியில் மூவர் கூடினால் என்ன தொடங்குகிறோம் என்பதை இங்கே எழுதவேண்டாம்.) இணையம் இல்லாமலே, அறைக்குள் கம்பி இணைப்பு இருந்தால் எல்லோரும் சேர்ந்து ஆடலாம்.

எல்லாவற்றிலும் பிள்ளைகள் உள்ளங் கவர்ந்தது ஓப்பன்டிடிடி. இருப்புப்பாதை போட்டு, நிலையம் கட்டி, வண்டி விட்டு வருவாய் காணும் விளையாட்டு. பழைய வணிக விளையாட்டு ஒன்றின் வழியில் எழுந்தது. 2010இல் வந்த 1.0 பதிப்பு முதல் அந்தப் பழைய விளையாட்டின் படக்கோப்புகள் இல்லாமலே தனித்து இயங்குகிறது. நிலையங்களுக்கு நாமே பெயரிடலாம். ஒரு சிறுமி விழுப்புரம் என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டாள். பிறகு, “அண்ணா, இதைத் தமிழில் எப்படி எழுதுவது?” என்று கேட்டாள். தமிழ் பேசத் தெரிந்தவள். பள்ளியில் படிப்பது இந்தி. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறாள். ‘ழு’ மட்டும் சற்றுக் கோணல்.

இலவசம் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகள் பலவற்றில் விளம்பரம் குறுக்கிடுகிறது. அடுத்த கட்டத்துக்குச் செல்லக் காசு கேட்கிறது. நான் பெயர் சொன்னவையோ கட்டற்ற மென்பொருள்கள்: பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து வளர்ந்துவரும் மரபு இது. தினக்கூலி வாங்கும் தாயின் கைப்பேசியில் பிள்ளை தெரியாமல் ஒரு பொத்தானைத் தொட்டால் என்னவாகும் என்பதை எண்ணினால், இவ்வேற்றுமை சிறிதன்று.

எட்டில் இரண்டு 32 பிட் வகைப் பழம்பொறிகள். 2025இல் வந்த டெபியன் 13இல் அவ்வகைக்கு நிறுவி இல்லாமையால், டெபியன் 12ஐ வைத்திருக்கிறோம். இணைய இணைப்புக் கொடுப்பதில்லை. அவற்றில் சைமன் டாத்தம் ஆக்கிய சிறு புதிர்த் தொகுப்பு இருக்கிறது. கணக்குப் பாடம் முடிந்த பின்னும் அவ்விரண்டின் முன்தான் இருவர் மூவர் எழாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அறையைப் பூட்ட இரவு எட்டரை ஆகிவிடுகிறது.