ரூன்ஸ்கேப்பில் காசு சேர்க்க

ஷிப்டு முடிந்து பத்து காவான் வீட்டுக்கு வந்து ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’பைத் திறந்தால் பையில் காசே தங்குவதில்லையா?

1. வேலைக்குக் கிளம்புமுன் மூலிகை விதை நட்டுவிடுங்கள் (சந்தாதாரர்களுக்கு மட்டும்). 80 நிமிடத்தில் விளைந்துவிடும். விளைந்த செடி கெடாது. 12 மணி நேர ஷிப்டு முடித்து வந்தும் பறிக்கலாம். நடும்போதே அல்ட்ராகம்போஸ்ட் போடுங்கள். நோய் குறையும், விளைச்சல் கூடும். ரானார் மூலிகை நட விவசாயத்தில் 32ஆம் நிலை வேண்டும். விதை விலை ஏறியிருக்கும் நாளில் வேறு மூலிகைக்கு மாறுங்கள்.

2. இலவசமாக ஆடுபவரா? மந்திர நிலை 55 வந்ததும் பொருளைக் காசாக்கும் ‘ஹை அல்கெமி’ செய்யுங்கள். நெருப்புக் கோலைக் கையில் பிடித்தால் நெருப்பு ரூன் செலவில்லை. நேச்சர் ரூன் விலையை மட்டும் மறக்காமல் கணக்கில் சேருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

3. ஆட்டத்தின் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் வாங்கி விற்கும்போது 2% வரியைக் கழித்துப் பாருங்கள். அது விற்பவர் தலையில்தான் விழும்.

4. “கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்” என்று சந்தையில் கூவுபவரை நம்பாதீர்கள். கைமாறிய காசு திரும்பாது.

5. வெளியாரிடம் வெள்ளி கொடுத்து ஆட்டக் காசு வாங்காதீர்கள், கணக்கே முடங்கலாம். அவசரமென்றால் அதிகாரப்பூர்வ ‘பாண்ட்’ வாங்கி ஆட்டத்துக்குள் விற்கலாம். ஏமாந்து நிஜ வங்கிப் பணம் போயிருந்தால் உடனே மோசடி உதவி எண் 997க்கு அழையுங்கள்.