மூங்கிற் கரியும் மனைக் காற்றும்

கல்வராயன் மலையின் அடிவாரத்தே, கோமுகி அணைக்கு அண்மையில் உள்ளது கச்சிராயபாளையம். அப்பக்கத்து மூங்கில் முறமாகவும் கூடையாகவும் பயன்படுதலை யாவரும் அறிவர். அதனைக் கரியாக்கி வீட்டில் வைப்பின் காற்றுத் தூய்மையாகும் என்பர் சிலர். இஃது எத்துணை உண்மையென ஈண்டு ஆராய்வோம்.

காற்றோட்டமற்ற சூளையில் வெந்த மூங்கில், எண்ணிறந்த நுண்டுளைகளையுடைய கரியாகும். நீராவியும் நாற்றந்தரும் ஆவிகளும் அத்துளைச் சுவர்களிற் பற்றி நின்றுவிடும். கரியின் இக்குணம் பற்றியே 1854இல் ஸ்டென்ஹவுஸ் என்னும் இரசாயன நூலார் கரி நிரப்பிய முகமூடியொன்றை அமைத்தார்; 1915இல் ருஷிய நாட்டு ஸெலின்ஸ்கி, போர்க்களத்து நச்சுவாயுவைத் தடுக்கப் பதப்படுத்திய கரியைப் பயன்படுத்தினார்.

ஆயினும் முகமூடியில் மூச்சுக்காற்று முழுதும் கரியினூடே செல்லும்; அறையில் தொங்கும் கரிப்பையை அணுகும் காற்றோ சிறிதே. ஆதலின் அஃது அலமாரிக்கும் பெட்டிக்கும் உதவும். அடுப்புப் புகைக்கு உதவாது. துளைகள் நிரம்பின் வெயிலிற் காயவைத்தல் வேண்டும். அதனால் ஈரமும் நாற்றத்தில் ஒரு பகுதியும் நீங்கும்.

இன்னுமொன்று கூறுவோம். மலைக்குளிருக்கு அஞ்சிக் கதவையடைத்து, கரிநெருப்பை அருகில் வைத்து உறங்குவாரும் உளர். எரியுங் கரியினின்று கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. கரிப்பை அதனைத் தடுக்கவும் மாட்டாது. ஆறிய கரி நாற்றத்தைக் கொள்ளும். எரியுங் கரி உயிரையே கொள்ளும். ஆதலின் நண்பர்காள், கரிப்பையை மாட்டுமுன் சாளரத்தைத் திறந்து வைப்போமாக.