இழுக்கிற வண்டியும் சுமக்கிற வண்டியும்

கேள்வி:

டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறோம். இரண்டு வருடம் முன்பு 30 அடி டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கினோம். காலியாக 6,900 பவுண்டு, நிறைசுமை வரம்பு 8,800 பவுண்டு. இழுப்பது என்னுடைய அரை டன் பிக்கப். "பதினோராயிரம் பவுண்டு இழுக்கும், கவலையே வேண்டாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். இந்தக் கோடையில் ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். அவர்களையும் மகனையும் ஏற்றிக்கொண்டு கொலராடோ கிளம்பினோம். அமரில்லோ தாண்டியதும் பக்கக் காற்றில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிட்டது. ரட்டோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் தீய்ந்த வாடை. இரவில் எதிரே வந்தவர்களெல்லாம் நான் ஹைபீம் போட்டிருப்பதாக நினைத்து விளக்கை அடித்துக் காட்டினார்கள். நான் போட்டிருந்தது லோபீம்தான். மனைவி இனிமேல் இந்த வண்டியில் மலை ஏற மாட்டேன் என்கிறாள். நண்பர்கள் முக்கால் டன் டீசல் வாங்கு என்கிறார்கள். 80,000 டாலர் கேட்கிறான். அவ்வளவு தேவையா, பின்பக்கம் ஏர் பேக் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்:

எதிரே வந்தவர்கள் அடித்துக் காட்டிய விளக்கிலேயே பாதி பதில் இருக்கிறது. வண்டியின் பின்புறம் அமுங்கி மூக்கு மேலே தூக்கியிருக்கிறது. அதனால்தான் லோபீம் அவர்கள் கண்ணில் அடித்தது. முன் சக்கரத்தில் பாரம் குறைந்ததால் ஸ்டீயரிங்கும் லேசாகியிருக்கும். காற்றில் ஆட்டம் கண்டதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் வண்டிக்கு இழுக்கிற பலம் இருக்கிறது. சுமக்கிற பலம்தான் தீர்ந்துபோயிற்று.

விற்றவர் சொன்ன பதினோராயிரம் பொய்யில்லை. அது எப்படி வந்த கணக்கு என்பதை மட்டும் அவர் சொல்லியிருக்க மாட்டார். அமெரிக்கக் கம்பெனிகள் இப்போது எஸ்ஏஇ ஜே2807 என்ற தர அளவையை வைத்து இந்த எண்ணைப் போடுகின்றன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கம் ஏறக்குறைய 11 மைல் நீளத்துக்கு ஒரு மேடு. 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில். அந்த நிலையில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும். ஆளுக்கு 150 பவுண்டு. மாமனார், மாமியார், அவர்கள் கொண்டுவந்த ஊறுகாய் ஜாடி எதுவும் அதில் இல்லை.

நாளைக் காலையில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு நிலையில் டயர் காற்றழுத்தம் எழுதிய ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி. அதுதான் உங்கள் வண்டியின் பேலோடு. விளம்பரத்தில் போடுவது அந்த மாடலுக்கு எட்டக்கூடிய உச்ச அளவு. இந்தச் சீட்டில் இருப்பது உங்கள் வாசலில் நிற்கும் அந்த ஒரு வண்டிக்கு உரியது. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம் என்று சேர்க்கச் சேர்க்க இந்த எண் இறங்கும். நன்றாக அலங்கரித்த அரை டன் வண்டிகளில் 1,400, 1,500 என்று இருப்பதுதான் வழக்கம். உங்களுடையது 1,480 என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி ஏற்றிப் பார்ப்போம். தண்ணீர், காஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் சேர்ந்து டிரெய்லர் 8,200 பவுண்டு வந்திருக்கும். இந்த வகை டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும். 13 சதவீதம் என்றால் 1,066 பவுண்டு. கொக்கிச் சாமான் 90. நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து 590. பின்தொட்டியில் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலிகள், விறகு, அரிசி, (பொய் சொல்லாதீர்கள்) டேபிள்டாப் கிரைண்டர் எல்லாம் சேர்த்து 250. ஆக 1,996 பவுண்டு, நம் கணக்கில் 905 கிலோ. சீட்டில் இருப்பதைவிட 516 பவுண்டு கூடுதல். கொக்கியில் எடையைப் பகிர்ந்தளிக்கும் கம்பிகள் வைத்திருப்பீர்கள்; அவை கொஞ்சத்தை டிரெய்லர் அச்சுக்கே திருப்பி அனுப்பும். 516-ஐ முழுக்க விழுங்க அவற்றால் ஆகாது.

இதுவரை சொன்னது நான் ஊகித்த எடை. உண்மையான எடைக்கு லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புக்குப் போங்கள். கேட் ஸ்கேல் என்ற எடைமேடை பெரும்பாலான இடங்களில் உண்டு. பயணத்துக்கு ஏற்றுவதுபோலவே எல்லாவற்றையும் ஏற்றி, பாட்டி தாத்தாவையும் உட்கார வைத்து, மூன்று முறை நிறுத்துங்கள். முதலில் கம்பிகளை மாட்டி, அடுத்து கம்பிகளைக் கழற்றி, கடைசியாக டிரெய்லரை அவிழ்த்து வண்டியை மட்டும். இரண்டாவது எடைச்சீட்டில் வண்டியின் இரு அச்சுகளிலும் இருக்கும் எடையைக் கூட்டி, மூன்றாவதில் வந்த வண்டி எடையை அதிலிருந்து கழித்தால் கொக்கி எடை கிடைத்துவிடும். 80,000 டாலர் கொடுப்பதற்கு முன்னால் இருபது முப்பது டாலர் செலவழிப்பதில் தப்பில்லை.

ஏர் பேக் பற்றிக் கேட்டீர்கள். போட்டால் வண்டி நேராக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். எதிரே வருபவரும் விளக்கு அடிக்க மாட்டார். ஆனால் அச்சு, பேரிங், டயர், பிரேக், சட்டம் எல்லாம் அதே பழையவைதான். கதவுச் சீட்டில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசுவது மாதிரி.

இன்னொரு தப்பு வைத்தியமும் உண்டு, அதை நினைக்கும்போதே எனக்கு வயிறு கலங்குகிறது. கொக்கியில் பாரம் அதிகம் என்று தெரிந்ததும் சிலர் சாமானையெல்லாம் டிரெய்லரின் பின்கோடிக்கு நகர்த்திவிடுகிறார்கள். மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். ஏற்றிவிட்டு நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளச் சொல்வார் என் தாத்தா. அதே இயற்பியல்தான் இங்கேயும், வேகம் மட்டும் மணிக்கு 65 மைல். கொக்கியில் எடை 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் டிரெய்லர் ஊசலாட ஆரம்பிக்கும். ஆட்டம் ஒருமுறை பிடித்துக்கொண்டால் வண்டியையே திருப்பிப் போட்டுவிடும். ஆகவே கொக்கி எடையைக் குறைப்பது வழியல்ல, அதைச் சுமக்கிற வண்டிதான் வழி. உங்கள் மனைவி சொல்வது சரி. வண்டியை மாற்றுங்கள்.

எந்த வண்டி என்பதில்தான் உங்கள் நண்பர்களோடு எனக்குச் சண்டை.

முக்கால் டன் என்றாலே எல்லோரும் டீசல் என்கிறார்கள். ஃபோர்டின் பவர் ஸ்ட்ரோக், ராமில் வரும் கம்மின்ஸ், ஜிஎம்மின் டுராமேக்ஸ் மூன்றும் அருமையான எஞ்சின்கள். மேட்டில் மூச்சு வாங்காது. இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் இருப்பதால் காலைப் பிரேக்கில் அதிகம் வைக்க வேண்டியிருக்காது. ஆனால் அந்த எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிட ஐந்நூறு அறுநூறு பவுண்டு கனம். முக்கால் டன் வண்டிகளில் பலவற்றுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. வண்டியின் சொந்த எடை கூடினால் பேலோடு அந்த அளவு குறையும். நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், எல்லா வசதியும் உள்ள முக்கால் டன் டீசலின் கதவைத் திறந்தால் 2,000, 2,200 என்று சீட்டில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது 1,996. அவ்வளவு பணம் கொட்டியும் மறுபடி விளிம்பிலேயேதான் நிற்பீர்கள். மாமியார் அடுத்த முறை தங்கையையும் கூட்டி வந்தால் தீர்ந்தது கதை.

அதே வண்டி பெட்ரோலில், வசதிகள் கொஞ்சம் குறைந்து வந்தால் 2,700-லிருந்து 3,000 வரை கிடைக்கும். ஃபோர்டின் 7.3 லிட்டர், ஜிஎம்மின் 6.6 லிட்டர், ராமின் 6.4 லிட்டர் மூன்றுமே உங்கள் டிரெய்லருக்குத் தாராளம். விலையிலும் ஏறக்குறைய 10,000 டாலர் மிச்சம். டீசலுக்கு ஊற்றும் யூரியாக் கரைசல் செலவு இல்லை. எண்ணெய், வடிகட்டி மாற்றுவதும் மலிவு. குறை இல்லாமல் இல்லை. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடி ஏறுவதற்கு ஏறக்குறைய 3 சதவீதம் பலம் இழக்கும். ரட்டோன் கணவாய் 7,834 அடி. அங்கே கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான குதிரைகள் காணாமல் போயிருக்கும். எஞ்சின் கத்தும், மணிக்கு 45 மைலில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்வீர்கள். கத்தட்டும். வருடத்துக்கு நான்கு பயணம் போகிறவர் அந்தச் சத்தத்துக்குப் பயந்து பத்தாயிரம் டாலர் கொடுக்க வேண்டியதில்லை. மாதாமாதம் ராக்கி மலைக்குப் போகிற ஆளாக இருந்தால் நானே டீசல் வாங்கச் சொல்வேன்.

டீசல்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் முக்கால் டன்னைத் தாண்டி, பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள ஒரு டன் வண்டியைப் பாருங்கள். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது, விலையும் பெரிதாக ஏறாது, பேலோடு மட்டும் 3,500 பவுண்டு பக்கம் போகும். இரட்டைச் சக்கர வண்டி உங்களுக்கு வேண்டாம்; அதோடு கோயில் பார்க்கிங்கில் அம்மன் அபிஷேக நாளில் இடம் தேடிப் பாருங்கள், தெரியும்.

ஓட்டுநர் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. டெக்ஸாஸில் வண்டி, டிரெய்லர் இரண்டின் வரம்பும் சேர்ந்து 26,001 பவுண்டை எட்டி, டிரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால்தான் வகுப்பு ஏ உரிமம் வேண்டும். உங்களுடையது 8,800 என்பதால் இப்போதைய சி போதும். பின்னாளில் பெரிய ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வாங்கும் எண்ணம் வந்தால் இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். அதில் மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதம் வண்டியின் முதுகில் இறங்கும்.

வாங்கும் முன் உங்கள் கராஜை அளந்துகொள்ளுங்கள். இந்த வண்டிகள் 21 அடி நீளம், பல கராஜ்கள் 20 அடிதான். காலியாக ஓட்டும்போது குலுக்கும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2,700 பவுண்டு சுமக்கப் பிறந்த ஸ்பிரிங், ஒரு பை காய்கறிக்கு வளையாது. காட்சியறைக்குப் போனதும் விலையைக் கேட்காதீர்கள், கதவைத் திறந்து சீட்டைப் படம் எடுங்கள். ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்குள்ளேயே 400 பவுண்டு வித்தியாசம் பார்த்திருக்கிறேன்.

புது வண்டி வரும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். சமவெளியில் கிட்டே எங்காவது போவதென்றால் மாமனார், மாமியாரை மனைவி இன்னொரு காரில் அழைத்து வரட்டும். பின்தொட்டியைக் காலி செய்யுங்கள், தண்ணீர்த் தொட்டியை முகாமில் போய் நிரப்புங்கள், டிரெய்லர் டயரில் 65 மைல் வரம்பு போட்டிருந்தால் அதற்குக் கீழேயே ஓட்டுங்கள். கிரைண்டரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. பின்தொட்டியிலிருந்து எடுத்து, டிரெய்லருக்குள் அச்சுக்கு நேர்மேலே, தரையோடு தரையாகக் கட்டிவையுங்கள்.