தனித்து விடப்படும் மாணவரும் நம் கடமையும்

பள்ளியில் பதின்பருவப் பிள்ளைகள் உறும் துன்பங்களுள் எளிதில் புலப்படாதது ஒன்றுண்டு. அஃது அடியன்று, வசையுமன்று, எவரும் தம்மோடு சேர்த்துக்கொள்ளாமையே அது. அணி பிரிக்கையில் கடைசிவரை அழைக்கப்படாமல் நிற்கும் மாணவனையும், மதிய உணவுப் பொழுதில் தூணருகே தனித்தமர்ந்து உண்ணும் மாணவியையும் நாம் கண்டிருக்கிறோம். கண்டும் பெரிதாக எண்ணாமல் கடந்திருக்கிறோம்.

இத்துன்பத்தை நீக்க வழியுண்டா? உண்டு என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1971-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைச் சான்றாகக் கொள்ளலாம்.

அதுவரை பெரும்பாலும் தனித்தனியே பயின்று வந்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டனர். பூசல்கள் எழுந்தன. பள்ளி நிர்வாகத்தார் உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சன் அவர்களின் உதவியை நாடினர். அவர் வகுப்புகளை உற்று நோக்கினார். ஆசிரியர் வினவுவார், சிலர் கையுயர்த்துவர், ஒருவன் விடை தவறினால் ஏனையோர் மகிழ்வர். ஒருவன் தோல்வியே மற்றவனுக்கு வாய்ப்பு என்னும் நிலையில் நட்பு எங்ஙனம் மலரும்?

ஆகவே அவர் கற்பிக்கும் முறையையே மாற்றினார். மாணவர் 5 அல்லது 6 பேர் கொண்ட கலப்புக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். பாடமும் அத்தனை பகுதிகளாக்கப்பட்டு, ஆளுக்கொரு பகுதி தரப்பட்டது. அதே பகுதியைப் பெற்ற பிற குழுவினரோடு கூடித் தெளிந்தபின், தம் குழுவுக்குத் திரும்பி அதனைக் கற்பிக்க வேண்டும். தேர்வோ முழுப்பாடத்திலும் நடைபெறும்.

ஒரு குழுவில் ஆங்கிலம் சரளமாக வாராத சிறுவன் ஒருவன் தன் பகுதியைச் சொல்ல இயலாமல் திணறினான். மற்றவர் எள்ளினர். மேற்பார்வையாளர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. எள்ளுவதால் அவன் பகுதி அவர்களுக்கு விளங்கப் போவதில்லை என்றும், தேர்வு நெருங்குகிறது என்றும் நினைவூட்டினார். நாளடைவில் அவர்கள் பொறுமையுடன் வினவிக் கேட்கப் பழகினர். அவனும் தயக்கம் நீங்கிப் பேசினான். தாம் எண்ணியதினும் அவன் அறிவுடையவன் என்பதை உணர்ந்தனர். இம்முறை நடைபெற்ற வகுப்புகளில் மாணவரிடையே நேசம் மிகுந்தது. பின்தங்கியோரின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. முதலில் ஐந்தாம் வகுப்பில் கையாளப்பெற்றதாயினும் இம்முறை மேல்வகுப்புகளுக்கும் பொருந்துவதே.

இதனால் நாம் அறிவது யாது? அன்பாயிருங்கள் என்று அறிவுரை கூறுவது மட்டும் போதாது. விலக்கப்பட்டவன் பிறருக்குத் தேவைப்படும் நிலையை உண்டாக்குதல் வேண்டும்.

தமிழகத்திலும் இக்கவலை உண்டு. 2023-இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சாதிப்பகையால் உடன்பயின்றோராலேயே வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பெற்ற ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் மாணவரை அகரவரிசைப்படி அமர்த்தப் பரிந்துரைத்தது. யாரருகே யார் அமர்வது என்பது சிறு செய்தியன்று.

கிழங்கு விலக்கி, பொழுது சாயுமுன் உண்ணும் நம் பிள்ளைகள் விடுதியிலும் சுற்றுலாவிலும் கேலிக்கு ஆளாவதை நாம் அறிவோம். அவ்வேதனையை அறிந்த இல்லத்திலிருந்து பிறரை விலக்கும் பிள்ளை செல்லலாகாது. ஆகவே பெற்றோர் கீழ்க்காண்பவற்றைக் கைக்கொள்வோமாக:

1. மதிப்பெண்ணைக் கேட்குமுன், யாருடன் உண்டாய் என்று கேட்போம். தனியே உண்டவர் எவரேனும் உண்டா என்பதையும் கேட்போம்.

2. பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி என்று அடிக்கடி சொன்னால், மருத்துவரிடம் காட்டுவதோடு நில்லாமல், பள்ளியில் நேர்வதையும் பரிவுடன் வினவுவோம்.

3. பெற்றோர் கூட்டத்தில், ஆண்டு விழாவிலும் குழுப்பணியிலும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பொறுப்பு அளிக்குமாறு ஆசிரியரை வேண்டுவோம்.

4. துன்பம் எல்லை மீறின் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்கோம்.

பிறவுயிர்க்கு ஊறு செய்யாமை நாம் போற்றும் முதல் அறம். ஒரு பிள்ளையை வாளா ஒதுக்குதலும் ஊறேயாம். நாளை நம் பிள்ளை பள்ளிக்குப் புறப்படுகையில், தனித்திருக்கும் ஒருவரருகே சென்று அமருமாறு சொல்லி அனுப்புவோம்.