கெண்டைக்கால் இழுப்பது ஏன்?



நடுராத்திரியில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகித் தூக்கத்தைக் கலைக்கிறது. "நரம்பு இழுத்துக்கொண்டது" என்கிறோம். உண்மையில் இறுகித் தளராமல் நிற்பது தசை. பெரும்பாலும் இது ஆபத்தற்றது. ஆனால் இதைப்போலவே தோன்றும் வேறு சில நோய்களை அலட்சியம் செய்தால் காலையே இழக்க நேரிடலாம். வித்தியாசத்தை அறிந்துகொள்வோம்.

பொதுவான காரணங்கள்

1. உழைப்பும் வியர்வையும்: சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் வலை இழுப்பவருக்கும், செய்யூர் உப்பளத்தில் வெயிலில் நிற்பவருக்கும் வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் தண்ணீர் போதாது. உப்புக் கலந்த தண்ணீர் இழுப்பைக் குறைப்பதை 1923-ல் இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளரிடம் கண்டறிந்தார்கள். நமது உப்பிட்ட கஞ்சியும் மோரும் அதே உதவியைச் செய்யும். இரத்தக்கொதிப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக்கூடாது.

2. ஒரே நிலை: மாமல்லபுரத்துச் சிற்பிகளைப்போல நெடுநேரம் கால் மடித்து உட்காருவது, நாள் முழுதும் நின்றே வேலை செய்வது.

3. கர்ப்ப காலம், முதுமை.

4. சர்க்கரை வியாதி, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, வாந்திபேதி, நீர் பிரியத் தரும் மாத்திரைகள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

இழுக்கும்போது செய்யவேண்டியது

முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை முகத்தை நோக்கி மெல்ல இழுத்துப் பிடியுங்கள். சதையை இதமாகத் தேய்த்துவிடுங்கள். தினமும் படுக்குமுன் இப்படி நீட்டிப் பழகுவது நல்லது. முற்காலத்தில் இதற்குக் கொய்னா மாத்திரை கொடுப்பதுண்டு. அதன் கடுமையான பக்கவிளைவுகளைக் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006-ல் எச்சரித்தது. கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் குறைகிறதா? இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி குடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கவனிக்கவும்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறதா? உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பாதம் மரத்திருக்கிறதா, தோலில் உணர்ச்சியற்ற தேமல் உண்டா? சர்க்கரையாகவோ தொழுநோயாகவோ இருக்கலாம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் நிலையம் இயங்குகிறது. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசால் இலவசமாகத் தரப்படுகிறது. வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம்.

அன்பானவர்களே, வலை இழுப்பவர் கால் முடங்கினால் வீட்டில் உலை முடங்கும். இப்பக்கத்தை வாசிக்கத் தெரியாத ஒருவருக்காவது வாசித்துக் காட்டுங்கள். அதுவும் ஊழியமே. அலங்கார வாசலில் இருந்த சப்பாணியை எழுந்து நடக்கச் செய்த கர்த்தர், உங்கள் காணிக்கையாலும் ஜெபத்தாலும் இக்கரையோர மக்களின் கால்களைத் திடப்படுத்துவாராக.