நாய்க்கும் வேண்டுமா ஆண்டுப் பரிசோதனை?

(பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவி)

"நாய் நன்றியுள்ள பிராணி. அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு. அது நம் வீட்டைக் காக்கும்." மூன்றாம் வகுப்பில் நாம் எல்லோரும் எழுதிய கட்டுரை இது. நாய் நமக்கு என்ன செய்யும் என்று பத்து வரி எழுதி மதிப்பெண் வாங்கினோம். நாய்க்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியாவது எழுதினோமா? விட்டுப்போன அந்த வரியைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் மணி

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தான். செம்பழுப்பு நிற நாட்டு நாய். குட்டியாக வந்தபோது அப்பா அவனை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்று தடுப்பூசி போட்டு வந்தார். பிறகு ஆண்டுதோறும் தடுப்பூசி முகாமுக்கு அழைத்துச் செல்வோம். வரிசையில் நிற்போம், வெறிநோய்த் தடுப்பூசி போட்டதும் திரும்பி விடுவோம். "நம் மணிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்" என்ற நிறைவு எங்களுக்கு.

மணிக்கு ஒன்பது வயதானபோது அதிகமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினான். "கோடைக்காலம், குடிக்கட்டும்" என்றார் பாட்டி. நானும் மகிழ்ச்சியோடு பாத்திரத்தை நிரப்பினேன். ஒரு பாத்திரம் போதாமல் இரண்டு வைத்தேன். சில வாரங்களில் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு விலகினான், வாந்தி எடுத்தான். அப்போதுதான் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

அவர் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன என்றார். பிறகு, "கடைசியாக இவனை எப்போது எடை போட்டீர்கள்?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட நாங்கள் அவனை எடை போட்டதில்லை. பன்னிரண்டு நாட்களுக்குப் பின் மணி இறந்துபோனான்.

மறைந்து வளரும் நோய்

நாய்க்கு இரண்டு சிறுநீரகங்கள் உண்டு. அவற்றில் பழுதாகாத பகுதி, பழுதான பகுதியின் வேலையையும் சேர்த்துச் செய்யும். அதனால் நோய் வெளியே தெரிவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பின்னரே சிறுநீர் நீர்த்துப் போகிறது, தாகம் கூடுகிறது. நான்கில் மூன்று பங்கு செயலிழந்த பின்னரே இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் இயல்பான அளவைத் தாண்டுகிறது. "மணி நன்றாகத் தண்ணீர் குடிக்கிறான்" என்று நாங்கள் மகிழ்ந்த நாளில் அவன் நோய் பாதி வழியைக் கடந்திருந்தது.

முன்னரே கண்டுபிடித்திருந்தால் மணி குணமாகியிருப்பானா? இல்லை. பழுதான சிறுநீரகம் திரும்ப வளராது. ஆனால் அதற்கேற்ற உணவும் மருந்தும் கொடுத்து நோயின் வேகத்தைக் குறைக்கலாம். நாய் துன்பமின்றி இன்னும் சில காலம் வாழ வழி செய்யலாம். அந்த வாய்ப்பைத்தான் நாங்கள் இழந்தோம்.

நமக்குத் தலைவலி வந்தால் "அம்மா, தலை வலிக்கிறது" என்போம். நாயால் அது இயலாது. மேலும், நோவை மறைப்பது விலங்குகளின் இயல்பு. பல் ஆடினாலும் மறுபக்கத்தால் மென்று தட்டைக் காலி செய்துவிடும். நாமோ தட்டைப் பார்த்து நலம் என்று முடிவு செய்கிறோம்.

தடுப்பூசி வேறு, பரிசோதனை வேறு

"ஆண்டுதோறும் ஊசி போடுகிறோமே, அது போதாதா?" என்று கேட்கலாம். நாங்கள் செய்த தவறே இதுதான். தடுப்பூசி சில தொற்றுநோய்களை மட்டும் தடுக்கும். சிறுநீரகத்தையோ பல்லையோ இதயத்தையோ அது பார்ப்பதில்லை.

"மருத்துவர்கள் தேவையில்லாமல் ஊசி போடுகிறார்கள்" என்று சொல்வோரும் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்களுக்குக் குட்டிப் பருவத்தில் முறையாக ஊசி போட்டு, ஓராண்டில் மறுமுறையும் போட்டுவிட்டால், பின்னர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டியதில்லை என்பதே உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. எலிக்காய்ச்சல் தடுப்பூசியின் பலன் நீடிப்பதில்லை. அதை ஆண்டுதோறும் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியையும் நம் நாட்டில் ஆண்டுதோறும் போடுவதே வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் செல்வது ஊசிக்காக அல்ல, உடலைப் பார்ப்பதற்காக என்று அதே சங்கம் வலியுறுத்துகிறது.

மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

முதலில் எடை. பிறகு உடல் வெப்பம். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பானது. நமக்குக் காய்ச்சலாக இருக்கும் சூடு அதற்கு நலம்! பின்னர் வாயைத் திறந்து 42 பற்களையும் ஈறுகளையும் பார்க்கிறார். காது, கண், தோல், உண்ணி ஆகியவற்றைக் கவனிக்கிறார். கழுத்திலும் தொடையிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். வயிற்றை அழுத்திப் பார்க்கிறார். ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தையும் நுரையீரலையும் கேட்கிறார். வயதான நாயாயின் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கிறார்.

இதன் முழுப் பயன் ஒரே ஆண்டில் கிடைப்பதில்லை. சென்ற ஆண்டு 18 கிலோ இருந்த நாய் இவ்வாண்டு 16 கிலோ என்றால், மருத்துவர் ஏன் என்று தேடத் தொடங்குவார். வெறும் 16 கிலோ என்ற எண் மட்டும் இருந்தால் அவருக்கு எதுவும் விளங்காது. கிரியாட்டினின் அளவும் அப்படியே. இயல்பான எல்லைக்குள் இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு அது ஏறி வந்தால் அதுவே எச்சரிக்கை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய குறிப்பு வேண்டும். மணியின் மருத்துவர் எடையைக் கேட்டது அதற்காகத்தான்.

எத்தனை முறை?

இரண்டு வயதுக்குள் நாய் முழு வளர்ச்சி பெற்றுவிடுகிறது. அதன் பிறகு நடுத்தர அளவுள்ள நாய்க்கு ஓர் ஆண்டு என்பது மனிதருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். ஐந்து ஆண்டுகள் நம்மை எவருமே பரிசோதிக்காமல் இருப்பது போன்றது அது.

குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்குகிறது. நான்கு மாதம் வரை சில வாரங்களுக்கு ஒருமுறை செல்ல வேண்டும். வளர்ந்த நாய்க்கு ஆண்டுக்கு ஒருமுறை. ஏழு வயதைத் தாண்டியபின் ஆண்டுக்கு இருமுறை நல்லது. பெரிய இன நாய்கள் விரைவில் முதுமை அடைவதால் அவற்றுக்கு இன்னும் முன்னதாகவே தொடங்கலாம். ஆனால் தாகம் மிகுதல், எடை குறைதல், இருமல், சோற்றை மறுத்தல் போன்றவை தெரிந்தால் ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டு கேள்விகள்

"தெருநாய்க்கு எந்த டாக்டர்? அது வாழவில்லையா?" என்று பாட்டி கேட்டார். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பல சில மாதங்களுக்குள் மடிந்துவிடுகின்றன. பிழைத்தவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. மடிந்தவற்றை எண்ணுவார் இல்லை.

"செலவுக்கு எங்கே போவது?" என்பது அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அரசு கால்நடை மருந்தகத்தில் உடலைப் பரிசோதிக்க ஆகும் செலவு மிகக் குறைவு. மணியின் கடைசிப் பன்னிரண்டு நாட்களில் குளுக்கோஸுக்கும் மருந்துக்கும் ஆன செலவு, ஒன்பது ஆண்டுப் பரிசோதனைகளுக்கும் போதுமாயிருந்திருக்கும். இது அப்பாவே நோட்டில் கூட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கு.

நம் நலமும் இதில் உண்டு

1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கப்பட்டது. அந்தச் சிறுவன் பிழைத்து 100 ஆண்டுகளுக்கு மேலாகியும் வெறிநோய் நம் நாட்டை விட்டு அகலவில்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்கள் மூலமாகவே வருகிறது என்றும், வெறிநோய் இருப்பதாக ஐயப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாய் கடித்தால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எலிக்காய்ச்சலும் சில குடற்புழுக்களும்கூட நாயிடமிருந்து நமக்கு வரக்கூடியவை. ஆகவே நாயின் நலம் குழந்தைகளின் நலமும் ஆகும்.

நாம் செய்யக்கூடியவை

தோழியரே, நாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு பெற்றோருடையது. ஆனால் குறிப்பு எழுதும் பொறுப்பை நாம் ஏற்கலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

1. மாதம் ஒருமுறை எடை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு தனியே ஏறி, கழித்துக்கொள்ளலாம். இந்த வழியைச் சொல்லித் தந்தவர் எங்கள் உயிரியல் ஆசிரியை சிஸ்டர்.

2. நாய் உறங்கும்போது நிமிடத்திற்கு எத்தனை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். 30க்குள் இருப்பது இயல்பு.

3. ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு லிட்டர்தான் எல்லை.

4. தடுப்பூசி, குடற்புழு மருந்து ஆகியவற்றின் தேதிகள்.

முடிவாக

இப்போது எங்கள் வீட்டில் ஒரு குட்டி இருக்கிறது. அதன் நோட்டின் முதல் பக்கத்தில், "எடை 4 கிலோ 200 கிராம்" என்று எழுதியிருக்கிறேன். மருத்துவரிடம் செல்லும் நாளை அப்பாவே நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். தண்ணீர்ப் பாத்திரத்தை இன்றும் நான்தான் நிரப்புகிறேன். ஆனால் அளந்து நிரப்புகிறேன்.

வாயில்லா ஜீவன் தன் நோயைச் சொல்லாது. நாம்தான் கேட்டறிய வேண்டும். அதற்கு ஆண்டில் ஒரு நாளாவது ஒதுக்குவோம். வருமுன் காப்போம்! இனி மூன்றாம் வகுப்புத் தங்கைகள் "நாய் நம் வீட்டைக் காக்கும்" என்று எழுதும்போது, "நாம் நாயின் நலத்தைக் காப்போம்" என்ற வரியையும் சேர்த்து எழுதட்டும்.