கணினியும் வீடு மாறியது

நுழையும்முன்

வீடு மாறும்போது பாத்திரங்களையும் துணிகளையும் கட்டிப் பழகிய கைகளும் கணினியைக் கட்டும்போது தயங்குகின்றன. நாக்பூரிலிருந்து தில்லிக்கு இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் பட்டறிவை, அக்குடும்பத்து மாணவன் கூறுவதாக இப்பாடம் அமைந்துள்ளது.

சனவரித் திங்களில் அப்பாவுக்குத் தில்லிக்கு மாற்றல் ஆணை வந்தது. எங்கள் குடும்பத்துக்கு இது நான்காவது இடமாற்றம். ஆதலால் எதை எந்தப் பெட்டியில் வைப்பது என்பது அம்மாவுக்கு மனப்பாடம். மேசைக்கணினி ஒன்றுதான் எல்லாரையும் அச்சுறுத்தியது. சென்ற முறை அதன் திரை இருந்த பெட்டியின்மேல் கிரைண்டர் கல்லை ஏற்றி வைத்தவன் நான். புதிய ஊரில் பெட்டியைத் திறந்தபோது திரை முழுவதும் சிலந்திவலை போல் விரிசல் ஓடியிருந்தது.

“திரை உடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம், தம்பி. பாட்டியின் குரலை எங்கே வாங்குவது?” என்றாள் அக்கா.

அவள் கூறியது உண்மை. ஒரு கோடை விடுமுறையில் திருநெல்வேலியில் பாட்டி சொன்ன கதைகளை அக்கா கைப்பேசியில் பதிவு செய்தாள். பின்னர் அக்கைப்பேசி தொலைந்துபோயிற்று. பாட்டியும் இப்போது இல்லை. பதினொரு கதைகளும் எங்கள் கணினியின் வன்தட்டில் மட்டுமே எஞ்சியிருந்தன.

எனவே அட்டைப்பெட்டியைத் தேடுவதற்கு முன்பே நகலெடுக்கும் வேலையைத் தொடங்கினோம். திரையில் இருந்த ‘பாட்டி’ என்னும் சின்னத்தைப் புற வன்தட்டுக்கு நான் மாற்றினேன். ஒரு நொடியில் வேலை முடிந்தது. பெருமையுடன் எழுந்தேன். அக்காவோ அந்தப் புற வன்தட்டைத் தன் மடிக்கணினியில் இணைத்துத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை! நான் நகலெடுத்தது கதைகளை அன்று; அவை இருக்கும் இடத்தைச் சுட்டும் குறுக்குவழிச் சின்னத்தை மட்டுமே. வீட்டுக்குப் பதிலாக அதன் முகவரிச் சீட்டை மூட்டை கட்டியதைப் போன்றது அது. உண்மையான கோப்புறையைக் கண்டுபிடித்து மீண்டும் நகலெடுத்தோம். பதினொரு கதைகளையும் வேறொரு கணினியில் ஒலிக்கச் செய்து கேட்ட பிறகே அக்கா மன நிறைவடைந்தாள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கொள்ள அவள் இன்றும் மறுக்கிறாள்.

பின்னர் அப்பா கணினியை முறைப்படி நிறுத்தினார். வன்தட்டினுள் வட்டத் தகடுகள் உள்ளன; பல வன்தட்டுகளில் அவை நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தகட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனைவிட மிகமிகக் குறைந்த இடைவெளியில் படிக்கும் முனை மிதந்து செல்கிறது. முறைப்படி நிறுத்தும்போது அம்முனை தனக்குரிய இடத்தில் சென்று ஒதுங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டு அதிர்ச்சியைத் தாங்காது. அசையும் உறுப்புகள் இல்லாத திண்மநிலை வட்டுக்கு இவ்வச்சம் குறைவு. எனினும் அதற்கும் நகல் தேவையே.

இணைப்புகளைக் கழற்றும் முன், கணினியின் பின்புறத்தை அக்கா படம் எடுத்தாள். ஒவ்வொரு கம்பி வடத்திலும் காகிதத் துண்டை ஒட்டி, அது எதற்குரியது என்று எழுதினாள். நான் எழுத முயன்ற துண்டில் ‘கறுப்புக் கம்பி’ என்றிருந்தது. எல்லாக் கம்பிகளும் கறுப்பு என்பதைப் பிறகே கவனித்தேன்.

சி.பி.யு. என்று நாம் வழக்கமாக அழைக்கும் பெட்டியை அப்பா திறந்தார். அக்காவின் வரைபட வேலைக்காக வாங்கிய கனமான வரைகலை அட்டை தாய்ப்பலகையில் செருகப்பட்டிருந்தது. வண்டி குலுங்கும்போது அதன் எடையே அது செருகியுள்ள இடத்தை உடைத்துவிடக்கூடும். மின்னிணைப்பு முழுவதும் நீக்கப்பட்டிருந்ததை உறுதி செய்துகொண்டு, பெட்டியின் உலோகப் பகுதியை அப்பா முதலில் தொட்டார். நம் உடலில் சேரும் நிலைமின்னூட்டம் நுண்ணிய உறுப்புகளைப் பழுதாக்கவல்லது. குளிர்காலத்தின் வறண்ட காற்றில் அது எளிதில் சேரும். அட்டையை ஓரங்களில் பிடித்துக் கழற்றி, அது வாங்கும்போது வந்த பளபளப்பான உறையிலேயே இட்டார். வெற்றிடத்தில் தெர்மாக்கோல் உருண்டைகளைப் போடலாமா என்று கேட்டேன். அவையும் நிலைமின்னூட்டத்தைத் தோற்றுவிப்பதால் கூடாது என்றார்.

பழைய அட்டைப்பெட்டி கிடைக்காததால் திரைக்கு அம்மா வழி சொன்னார். அப்பாவின் பழைய பருத்தி வேட்டியை மடித்துத் திரையைச் சுற்றினோம். கண்ணாடிப் பக்கத்தில் கெட்டியான அட்டையை வைத்து, அதன்மேல் காற்றுக் குமிழி உறையைச் சுற்றினோம். ஒட்டு நாடா எங்கும் திரையில் படவில்லை. தாங்கியைத் தனியே கழற்றி, அதன் திருகாணிகளைச் சிறு பையிலிட்டு அதனோடே ஒட்டினோம். திரையைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தோம். சி.பி.யு. பெட்டியையோ, தாய்ப்பலகை பொருந்திய பக்கம் கீழிருக்குமாறு படுக்க வைத்தோம்.

பெட்டிகளின்மேல் ‘கவனம்’ என்று அழகிய தமிழில் எழுதினேன். “நாக்பூரில் ஏற்றுபவர்களும் தில்லியில் இறக்குபவர்களும் இதைப் படிப்பார்களா?” என்று அம்மா சிரித்தார். அக்கா இந்தியிலும் எழுதினாள். அப்பா மேல்நோக்கிய அம்புகளையும் ஒரு கண்ணாடிக் கோப்பையையும் ஒரு குடையையும் வரைந்தார். மேல்பக்கம் இது, உடையக்கூடியது, நனைக்காதே என்று அவை எம்மொழியினர்க்கும் உரைக்கும். சரக்குந்தில் மெத்தைகளுக்கு இடையே பெட்டிகளுக்கு இடம் கிடைத்தது. கிரைண்டர் கல் வேறொரு மூலைக்குச் சென்றது. அதை நானே இருமுறை சரிபார்த்தேன்.

புற வன்தட்டை அம்மா தம் கைப்பையில் வைத்துக்கொண்டு எங்களுடன் தொடர்வண்டியில் வந்தார். கணினியும் நகலும் ஒரே வண்டியில் சென்றால், அவ்வண்டிக்கு நேர்வது இரண்டுக்கும் நேருமல்லவா? சரக்குந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே சென்றது. அச்சாலையிலேயே தெற்கே திரும்பியிருந்தால் பாட்டியின் திருநெல்வேலிக்குச் சென்றிருக்கும்.

பனிமூட்டம் சூழ்ந்த விடியலில் பெட்டிகள் தில்லி வீட்டை அடைந்தன. அப்பெட்டிகள் தொடுவதற்கே சில்லென்றிருந்தன. உடனே கணினியை இயக்க விரும்பினேன், அப்பா தடுத்தார். குளிர்ந்த பொருளை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த செம்பின்மேல் நீர் அரும்புவதைப் போல அதன்மேலும் நீர்த்துளிகள் படியும். உறையைப் பிரிக்காமல் மாலைவரை காத்திருந்தோம்.

மாலையில் வரைகலை அட்டையைப் பொருத்தி, அக்கா எடுத்த படத்தைப் பார்த்துக் கம்பிகளை இணைத்தோம். விசிறி சுழன்றது, திரையோ கருமையாகவே இருந்தது. யாரும் பேசவில்லை. அப்பா மின்னிணைப்பைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, கைவிளக்கின் ஒளியில் உற்றுநோக்கினார். நினைவக அட்டையின் ஒரு முனை சற்றே மேலெழும்பியிருந்தது. ‘டக்’கென்ற ஒலி கேட்கும்வரை அதை மெல்ல அழுத்தினார்.

இம்முறை திரை ஒளிர்ந்தது. அக்கா முதற்கதையைத் திறந்தாள். பாட்டி ஒருமுறை இருமினார், எங்கோ ஒரு சேவல் கூவியது, “எங்கே விட்டேன்?” என்று பாட்டி கேட்டார்.

பயிற்சி

1. ‘வீட்டுக்குப் பதிலாக அதன் முகவரிச் சீட்டை மூட்டை கட்டியதைப் போன்றது’ – இவ்வுவமை எதனைக் குறிக்கிறது? விளக்குக.

2. கணினியை வந்தவுடனே இயக்க அப்பா தடுத்ததன் காரணம் யாது?

3. பிரித்து எழுதுக: அக்கைப்பேசி, இவ்வச்சம், அவ்வண்டி.

4. உங்கள் வீட்டில் ஒரு கருவியில் மட்டுமே உள்ள ஒலிப்பதிவோ படமோ யாது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.